குவெஸ்ட் 3: கண்ணில் பாஸ், முகத்தில் அரியர்

நான் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கண்ணைச் சோதிக்கிறவர் வேறு. அவர் எழுதிக் கொடுக்கும் பவருக்கு லென்ஸ் எடுத்து, பிரேமில் பொருத்தி, மூக்கிலும் காதிலும் உறுத்தாதபடி வளைத்துக் கொடுப்பது என் வேலை. அதனால் மெட்டா கம்பெனியின் குவெஸ்ட் 3, அதாவது முகத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே ஒரு மாய உலகத்தைப் பார்க்கும் ஹெட்செட், வீட்டுக்கு வந்ததும் மகள் கண்ட்ரோலரைத் தேடினாள், நான் லென்ஸை விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் சமையலறைத் தராசில் வைத்தேன். 515 கிராம் என்று கம்பெனி சொல்வது சரிதான். கடையில் நாங்கள் விற்கும் சாதாரணக் கண்ணாடி இருபத்தைந்து, முப்பது கிராம் இருக்கும். அதற்கே மூக்கில் அழுத்துகிறது என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு.

விஆர் (விர்ச்சுவல் ரியாலிட்டி, இந்த மாய உலகத் தொழில்நுட்பம்) இந்தத் தடவையாவது ஜெயிக்குமா என்று கடைக்கு வருகிற இளவட்டங்கள் அடிக்கடி கேட்பார்கள். பொழுதுபோகாமல் கேட்பதில்லை. பலரும் ஏற்கெனவே ஒன்றை வாங்கி அலமாரி மேல் போட்டவர்கள். என் பதில் இதுதான்: கண் என்கிற பாடத்தில் பாஸ் ஆகிவிட்டது. முகம் என்கிற பாடத்தில் அரியர் கிடக்கிறது. குவெஸ்ட் 3ஐ வைத்தே இதைச் சொல்லிவிடலாம்.

முதலில் விலை. 2023 அக்டோபரில் 128 ஜிபி மாடல் 480 பவுண்டுக்கு வந்தது. ஒரு வருடம் கழித்து 512 ஜிபி மாடலை 470 பவுண்டுக்கு இறக்கினார்கள். கூடவே குவெஸ்ட் 3எஸ் என்று 290 பவுண்டில் ஒரு தம்பியையும் கொண்டுவந்தார்கள். நான் வாங்கியது 512 ஜிபி. பெட்டியில் ஹெட்செட், இரண்டு கண்ட்ரோலர், சார்ஜர். கண்ட்ரோலருக்குத் தலா ஒரு டபுள் ஏ பேட்டரி. கம்ப்யூட்டர் வேண்டாம், ஒயர் வேண்டாம், மெட்டா கணக்கு ஒன்று வேண்டும். பெட்டிக் கதை அவ்வளவுதான்.

லென்ஸுக்கு வருவோம். இதற்கு முந்தைய குவெஸ்ட் 2இலும், இப்போது விற்கிற 3எஸ்ஸிலும் இருப்பது ஃப்ரெனல் லென்ஸ். 1820களில் கலங்கரை விளக்கத்துக்காக அகஸ்டின் ஃப்ரெனல் என்ற பிரெஞ்சுக்காரர் உருவாக்கியது. தடித்த லென்ஸின் வளைவை மட்டும் வட்டம் வட்டமாக நறுக்கித் தட்டையான தகட்டில் அடுக்கியிருப்பார்கள். கனம் குறையும், விலையும் குறையும். ஆனால் ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பிலும் வெளிச்சம் பட்டுச் சிதறும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் எழுத்திலிருந்து கீற்றுக் கீற்றாக ஒளி கிளம்பும். நடுவில் ஒரு சின்ன வட்டத்துக்குள்தான் தெளிவு. ஓரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் கண்ணைத் திருப்பிப் பயனில்லை, கழுத்தையே திருப்ப வேண்டும்.

குவெஸ்ட் 3இல் இருப்பது பான்கேக் லென்ஸ். திரையிலிருந்து வரும் வெளிச்சத்தை லென்ஸுக்குள்ளேயே முன்னும் பின்னும் துள்ளவைத்து, தூரத்தை மடக்கி, திரையை லென்ஸுக்கு மிக அருகில் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஹெட்செட்டின் மூக்கு குட்டையானதற்கு இதுதான் காரணம். இதற்குள்ளே பாதி ஒளியை விட்டு, பாதியைத் திருப்பி அனுப்பும் ஒரு கண்ணாடிப் பூச்சு உண்டு. வெளிச்சம் அதை இரண்டு முறை சந்திப்பதால் நாலில் ஒரு பங்குக்கு மேல் கண்ணுக்கு வந்து சேராது. அந்த நஷ்டத்தைச் சரிக்கட்டத் திரையின் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. பதிலுக்குக் கிடைப்பது பெரிய விஷயம். கடையில் பிராக்ரஸிவ் லென்ஸ் (தூரமும் கிட்டமும் ஒரே லென்ஸில் தெரிவது) போட்டுப் பார்க்கிறவர்களிடம் நாங்கள் சொல்லும் சோதனையை இங்கேயும் செய்யலாம். ஒரு பக்கம் முழுக்க எழுத்து இருக்கிற ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். தலையை அசைக்காமல் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை கண்ணை மட்டும் ஓட்டுங்கள். குவெஸ்ட் 3இல் ஏறக்குறைய விளிம்பு வரை எழுத்து கலங்காமல் வருகிறது. இந்த விலைக்கு இப்படி ஒரு லென்ஸை நான் எதிர்பார்க்கவில்லை.

கீழே இடது பக்கம் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. திருப்பினால் இரண்டு லென்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி 58 மில்லிமீட்டரிலிருந்து 71 வரை மாறும். உங்கள் இரண்டு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்துக்கு அதை வைக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சராசரி 63 பக்கம். என் மனைவிக்கு 59, எனக்கு 66. ஒருவர் வைத்ததை மற்றவர் அப்படியே மாட்டினால் கொஞ்ச நேரத்தில் புருவத்துக்கு மேல் வலி வரும். ஹெட்செட் போட்டால் தலைவலி என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்தச் சக்கரத்தைத் தொட்டதே இல்லை என்பது என் சந்தேகம். 3எஸ்ஸில் சக்கரம் கிடையாது. லென்ஸைக் கையால் தள்ளி மூன்று நிலைகளில் ஒன்றில் வைக்கலாம்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. திரை கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் இருந்தாலும், லென்ஸ் அதை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருப்பதாகக் கண்ணுக்குக் காட்டுகிறது. படிக்க மட்டும் கண்ணாடி போடுகிறவர்களுக்கு உள்ளே கண்ணாடி தேவைப்படாது. கிட்டப்பார்வைக்காரர்களுக்கு வேண்டும். கண்ணாடியோடு மாட்டலாம், அதற்காக முகப்பகுதியை முன்னே இழுக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் இரண்டு லென்ஸும் உரசினால் ஹெட்செட்டின் பிளாஸ்டிக் லென்ஸில் கீறல் விழும், அதை எடுக்க முடியாது. ஹெட்செட்டுக்குள்ளேயே பொருத்துகிற, பவர் போட்ட செருகு லென்ஸ் வாங்கிக்கொள்வது நல்லது.

இந்த ஒரே தூர விவகாரத்தில் ஒரு சிக்கலும் உண்டு. நிஜத்தில் ஒரு பொருளை மூக்குக்கு அருகே கொண்டுவந்தால் கண்கள் உள்பக்கம் திரும்பும், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் கிட்டத்துக்கு ஃபோகஸ் மாற்றும். இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஹெட்செட்டுக்குள் கண்கள் திரும்புகின்றன, ஃபோகஸ் மட்டும் பழைய தூரத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. கையில் ஒரு புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தால் இந்த இழுபறி தெரியும். தூரத்துக் காட்சிகளில் தெரியாது.

சரி, எவ்வளவு தெளிவு? பிக்சல் எண்ணிக்கை ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 என்று சொன்னால் யாருக்கும் புரியாது. எங்கள் கடை மொழியில் சொல்கிறேன். கண் டெஸ்ட் அட்டையில் 6/6 என்பது ஆரோக்கியமான பார்வை. 6/12 என்றால், நல்ல கண் பன்னிரண்டு மீட்டரில் படிக்கிற எழுத்தை நீங்கள் ஆறு மீட்டருக்கு வந்தால்தான் படிப்பீர்கள். 6/6 கண்ணுக்குக் குறை தெரியாத திரை வேண்டுமானால், பார்வையின் ஒவ்வொரு டிகிரிக்கும் 60 பிக்சல் வேண்டும். குவெஸ்ட் 3இல் இருப்பது 25. கணக்குப் போட்டால் 6/15க்கு ஒரு நூல் மேல். இந்த நாட்டில் கார் ஓட்டக் குறைந்தது 6/12 பார்வை வேண்டும். ஆக, குவெஸ்ட் 3 வழியாகப் பார்க்கிறவருக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடையாது.

இது குறை சொல்வதற்காக அல்ல. இதே அளவுகோலை வைத்துப் பின்னால் போய்ப் பாருங்கள். 2012இல் பால்மர் லக்கி என்ற இளைஞர் மக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஓக்குலஸ் ரிஃப்ட் என்ற ஹெட்செட்டுக்கு 2.5 லட்சம் டாலர் கேட்டார், சுமார் 24 லட்சம் டாலர் குவிந்தது. அடுத்த வருடம் அவர்கள் அனுப்பிய முதல் சோதனைக் கருவியில் ஒரு கண்ணுக்கு 640க்கு 800 பிக்சல்தான். டிகிரிக்கு ஏழு. அட்டையில் உச்சியில் தனியாக நிற்கும் அந்தப் பெரிய 6/60 எழுத்தைப் படிக்கலாம், அதற்குக் கீழ் வரியைப் படிக்க முடியாது. ஏறக்குறைய அந்தப் பார்வையை நம்பித்தான் 2014இல் ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) அந்தக் கம்பெனியை வாங்க 200 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அங்கிருந்து பத்து வருடத்தில் அட்டையில் மூன்று வரிக்கு மேல் இறங்கியிருக்கிறது. ஒரு நோயாளிக்கு இப்படி முன்னேற்றம் வந்தால் டாக்டருக்கு மாலை போடுவார்கள்.

தொண்ணூறுகளில் வந்த முதல் விஆர் அலையின் கதை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. விர்ச்சுவாலிட்டி என்ற, காசு கொடுத்து ஆடும் ஆர்கேட் இயந்திரத்தைச் செய்தது லெஸ்டரில்தான். ஜொனாதன் வால்டர்ன் என்பவரின் கம்பெனி. 1991 வாக்கில் வெளிவந்தது. இடுப்பளவு உயரத்தில் ஒரு வளையம், அதற்குள் நின்றுகொண்டு தலையில் ஒரு பெரிய ஹெல்மெட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே ஓடியது அமிகா 3000 கம்ப்யூட்டர். அதில் ‘டாக்டில் நைட்மேர்’ என்ற விளையாட்டு பிரபலம். எதிராளியைச் சுட வேண்டும். நடுவில் ஒரு பறக்கும் டைனோசர் வந்து ஆளையே தூக்கிக்கொண்டு போகும். எங்கள் கடையில் லென்ஸ் வெட்டும் பெரியவர் அந்தக் காலத்தில் லண்டனில் ஒரு ஆர்கேடில் இதை ஆடியவர். “நாலு பவுண்டு, நாலு நிமிடம், அப்புறம் ஹெல்மெட்டுக்குள் முன்னால் ஆடியவனின் வியர்வை” என்பார். படம் எப்படி இருந்தது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். வியர்வையை யோசிக்காமல் சொல்வார். கம்பெனி 1997இல் திவாலானது.

1995இல் நின்டெண்டோ விட்ட விர்ச்சுவல் பாய் இன்னும் பரிதாபம். 180 டாலர். கறுப்பில் சிவப்பு மட்டும். சிவப்பு எல்இடிதான் அன்றைக்கு மலிவு, மின்சாரமும் குறைவாகக் குடிக்கும். தலையைத் திருப்பினால் காட்சி திரும்பாது. மேஜை மேல் ஒரு ஸ்டாண்டில் நிற்கும் பெட்டிக்குள் குனிந்து முகத்தைப் புதைத்துக்கொண்டு ஆட வேண்டும். இடையிடையே கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி விளையாட்டே நிற்கும். ஒரு வருடத்துக்குள் கடையைக் கட்டினார்கள், விற்றது சுமார் 7.7 லட்சம். அப்புறம் 2014இல் கூகுள் கார்ட்போர்டு. போனை அட்டைப்பெட்டிக்குள் செருகிக் கண்ணில் வைத்துக்கொள்வது. 2015இல் நியூயார்க் டைம்ஸ் தன் சந்தாதாரர்களுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் இலவசமாக அனுப்பியது. எல்லோரும் ஒரு முறை “ஆஹா” என்றார்கள், இரண்டாவது முறை யாரும் எடுக்கவில்லை. ஒரே அளவில் ஒட்டிய இரண்டு பிளாஸ்டிக் லென்ஸை உலகத்தில் உள்ள எல்லாக் கண்ணுக்கும் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

இப்போது முகம். குவெஸ்ட் 3இன் 515 கிராமில் பெரும்பகுதி மூக்குக்கு முன்னால் தொங்குகிறது. பெட்டியோடு வரும் துணிப் பட்டை தலையின் பின்பக்கம் இரண்டாகப் பிரிந்து பிடிக்கும். எடையைத் தாங்க அதை இறுக்க வேண்டும். இறுக்கினால் கன்ன எலும்பிலும் நெற்றியிலும் அழுத்தம். தளர்த்தினால் கீழே சரிந்து, படம் கலங்கிவிடும். நாங்கள் கண்ணாடி பொருத்தும்போது எடை மூக்குக்கும் காதுக்கும் எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம். இங்கே காதுக்கு வேலையே இல்லை. எல்லாம் முகம்தான். பின்னால் சக்கரம் வைத்த கெட்டிப் பட்டையைத் தனியாக 70 பவுண்டுக்கு மெட்டாவே விற்கிறது. பொருளை வசதியாகப் போட்டுக்கொள்ளத் தனிக் காசு என்பது எங்கள் தொழிலில் நடக்காது. பிரேமுக்குக் காது வேண்டுமா என்று நாங்கள் கேட்பதில்லை. காசை மிச்சம் பிடிக்க நான் வேறொரு கம்பெனியின் பட்டை வாங்கினேன், பெயர் வேண்டாம், குளிர்காலம் முடிவதற்குள் பிளாஸ்டிக் மூட்டு விட்டுப்போனது. அதன் பிறகு வாங்கிய, பின்னால் பேட்டரி வைத்த பட்டை நன்றாக இருக்கிறது. மொத்த எடை கூடிவிட்டது, ஆனால் முன்னும் பின்னும் சமமாகிவிட்டதால் முகத்துக்கு லேசாகத் தெரிகிறது.

அதோடு முடியவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு மாட்டிக் காட்டலாம் என்று எடுத்தேன். முதலில் கொண்டை. பின்பக்கப் பட்டை கொண்டைக்கு மேலே போனால் வழுக்குகிறது, கீழே போனால் எட்டவில்லை. கொண்டையை அவிழ்க்கச் சொன்னேன், “வெள்ளிக்கிழமை அதுவுமா தலையை விரிச்சுப் போடச் சொல்றியே, ஏய்யா?” என்றார். ஒருவழியாகச் சடை போட்டு மாட்டினோம். கடலுக்கு அடியில் திமிங்கிலம் பக்கத்தில் வந்து கண்ணை உருட்டிப் பார்க்கிற காட்சியைப் போட்டேன். கையை நீட்டித் தடவப் பார்த்தார். சிரித்தார். கழற்றிய பிறகு பார்த்தால் முகப்பஞ்சில் திருநீறு மூன்று கோடாக அப்படியே பதிந்திருந்தது, கீழே தேங்காய் எண்ணெய். அம்மாவின் நெற்றியில் கோடு இல்லை, பஞ்சின் தடம்தான் இருந்தது. நேராகப் போய் மறுபடி பூசிக்கொண்டு வந்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா தினமும் ஆவாது” என்றார். கம்பெனிகள் லட்சக்கணக்கில் செலவு செய்து எடுக்கிற கருத்துக்கணிப்பில் இதைவிடப் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது என்று தெரியவில்லை.

மனைவி மருத்துவமனை வேலை முடிந்து வந்து முகம் கழுவிய பிறகுதான் தொடுவார், காலையில் தலைவாரிய பிறகு கிட்டவே வர மாட்டார். கழற்றினால் அரைமணி நேரத்துக்குக் கண்ணைச் சுற்றி வட்டம் இருக்கும். அந்த வட்டத்தோடு வாசல் கதவைத் திறந்து பார்சல் வாங்க எனக்கே கூச்சம். துணிப்பஞ்சை எடுத்துவிட்டு சிலிக்கன் உறை போட்டேன், துடைக்க வசதி. கம்பெனிக்கும் இந்த முகத்தோல் விவகாரம் தெரியும். 2021இல் குவெஸ்ட் 2இன் பஞ்சு சிலருக்குத் தோலில் எரிச்சல் தருகிறது என்று விற்பனையை நிறுத்திவைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் சிலிக்கன் உறை அனுப்பினார்கள்.

போடுவதற்கு முன்னால் நடக்கிற சடங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நின்று ஆட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடம் வேண்டும். எங்களுடையது வரிசை வீடு, முன்னறை சின்னது. சோபாவைத் தள்ள வேண்டும், காபி மேஜையை வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். கூரையும் தாழ்வு. பீட் சேபர் என்ற, பாட்டுக்கேற்ப வரும் கட்டைகளை ஒளிக்கத்தியால் வெட்டும் விளையாட்டில் மகள் கத்தியை வீசிய வீச்சில் மேலே தொங்கிய விளக்கின் கூண்டு ஒரு பக்கம் நெளிந்து போயிருக்கிறது. இந்த வகைக் கருவிகளைச் சில வாரம் எடுக்காமல் விட்டால் சார்ஜ் இறங்கியிருக்கும், எடுத்தவுடன் அப்டேட் கேட்கும். டிவி என்றால் ரிமோட்டை அமுக்கினால் போதும். இதற்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு நான் ஏன் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன்? டேபிள் டென்னிஸ். ‘இலெவன் டேபிள் டென்னிஸ்’ என்ற விளையாட்டு. டொராண்டோவில் இருக்கும் மச்சானும் நானும் வாரக் கடைசியில் ஆடுகிறோம். எங்களுக்கு இரவு எட்டு, அவருக்கு மதியம் மூன்று. பந்தின் சுழற்சி, மட்டை சாய்கிற கோணம், மேஜை விளிம்பில் பட்டுத் தெறிப்பது எல்லாம் அச்சு அசல். கல்லூரியில் அவர் கொடுத்த அதே கள்ள சர்வீஸை இப்போதும் கொடுக்கிறார். இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் போடுவார், தலை திரும்புவது அங்கே தெரிகிறது. வீடியோ காலில் பேசினால் “அப்புறம்?” “அப்புறம் என்ன?” என்று ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகிற பேச்சு, ஆடும்போது ஒரு மணி நேரம் போகிறது. ஒரு எச்சரிக்கை: ஆட்டம் முடிந்ததும் மேஜையில் கையை ஊன்றி மூச்சு வாங்கத் தோன்றும். மேஜை கிடையாது.

படம் பார்க்க இது எனக்குச் சரிப்படவில்லை. பெரிய தியேட்டர் திரை கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் நம் படங்கள் இரண்டரை மணி நேரம், பேட்டரி இரண்டு மணி நேரம் சொச்சம். வேலைக்கும் சரிப்படாது, 6/15 பார்வையில் எக்செல் பார்க்க யாருக்கு ஆசை? வெளியே இருப்பதைக் காட்டும் கேமரா குவெஸ்ட் 2ஐவிட எவ்வளவோ தேவலை. டீ கப்பைத் தேடி எடுக்கலாம், வந்தது யார் என்று பார்க்கலாம். இரவு விளக்கில் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும், கையை முகத்துக்கு அருகே கொண்டுவந்தால் சுற்றியுள்ள காட்சி நெளியும்.

குமட்டல் பற்றிச் சொல்லாமல் முடியாது. கண் “நடக்கிறாய்” என்கிறது, உள்காது “நிற்கிறாய்” என்கிறது. அந்தச் சண்டையில் வயிறு மாட்டிக்கொள்கிறது. டேபிள் டென்னிஸ், பீட் சேபர், மினி கோல்ஃப் போன்றவற்றில் நீங்கள் அசைந்தால்தான் காட்சி அசையும், அதனால் பிரச்சினை குறைவு. கட்டை விரலால் குச்சியைத் தள்ளி ஓடுகிற விளையாட்டுகள்தான் வில்லன். அவற்றில் பலவற்றில் ஓடுவதற்குப் பதில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சட்டென்று தாவும் வசதி இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எதிரே ஒரு மேஜை விசிறி ஓடட்டும். காற்று எந்தப் பக்கம் என்பது உடம்புக்கு ஒரு பிடிமானம். லேசாகக் குமட்டினால் உடனே கழற்றிவிடுங்கள். பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் அன்றைய சாப்பாடு போய்விடும்.

பணம் போட்டால் முகப் பிரச்சினை தீருமா என்று பார்க்க ஆப்பிள் கடையில் அவர்களுடைய ஹெட்செட்டான விஷன் புரோவையும் போட்டுப் பார்த்தேன். 2024இல் இங்கே வந்தபோது விலை 3,499 பவுண்டு. என் கண்ணாடியை வாங்கி லென்ஸ் மீட்டரில் வைத்துப் பவர் பார்த்து, அதற்கேற்ற, ஜைஸ் (Zeiss) கம்பெனி செய்த செருகு லென்ஸைப் பொருத்திக் கொடுத்தார்கள். என் தொழிலை இன்னொருவர் எனக்குச் செய்து பார்த்தது அங்கேதான். டிகிரிக்கு 34 பிக்சல் அளவில் வருகிறது, அதாவது 6/12ஐத் தாண்டிவிட்டது, லைசென்ஸ் கிடைக்கும். வண்ணத்துப்பூச்சி விரலில் வந்து உட்கார்ந்தபோது விரலை அசைக்க மனம் வரவில்லை. ஆனால் பேட்டரியை ஒயரில் கட்டிச் சட்டைப் பைக்குள் போட்ட பிறகும் முகத்தில் 600 கிராமுக்கு மேல் கனம். அரைமணி நேர டெமோ முடிந்து கழற்றியபோது என் கை தானாகக் கன்னத்தைத் தேய்த்தது. ஏழு மடங்கு விலை கொடுத்தாலும் அரியர் அரியர்தான்.

விஆர் சந்தேகமே இல்லாமல் ஜெயித்த இடம் ஒன்று எங்கள் துறையிலேயே இருக்கிறது. ஐசை என்று ஒரு ஜெர்மன் சிமுலேட்டர். கண்புரை அறுவை சிகிச்சை கற்கும் டாக்டர்கள் நிஜக் கண்ணைத் தொடும் முன் அதில் பழகுகிறார்கள். இந்த நாட்டில் பயிற்சி டாக்டர்களின் அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்ததில், சிமுலேட்டர் வந்த காலத்தில் லென்ஸின் பின்பக்கச் சவ்வு கிழிந்துபோகும் விபத்து 4.2 சதவீதத்திலிருந்து 2.6 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அந்தக் கருவியைப் பார்த்தால் ஒன்று கவனிப்பீர்கள். தலையில் எதுவும் மாட்டுவதில்லை. மைக்ரோஸ்கோப் ஸ்டாண்டில் நிற்கிறது, டாக்டர் கண்ணை வைத்துப் பார்க்கிறார். 1968இல் ஐவன் சதர்லண்ட் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி செய்த ஆரம்பகால ஹெட்செட்டையும், தலை திரும்புவதை அளக்கவும் எடையைத் தாங்கவும், கூரையிலிருந்துதான் தொங்கவிட்டார்கள். ஹெட்செட்டையே போடுகிற வைத்தியமும் உண்டு. சோம்பேறிக் கண் இருக்கிற 4 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு, நல்ல கண்ணுக்குப் படத்தை மங்கலாக்கிக் காட்டி மற்ற கண்ணை வேலை வாங்கும் லூமினோபியா என்ற சிகிச்சைக்கு 2021இல் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. நாளைக்கு ஒரு மணி நேரம் கார்ட்டூன் பார்த்தால் சிகிச்சை. கண்ணில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காரணம் பலமாக இருந்தால் முகம் கனத்தைப் பொறுத்துக்கொள்கிறது.

ஆகவே, ஜெயிக்குமா? வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள் எடுக்கிற விளையாட்டுச் சாமானாக ஏற்கெனவே ஜெயித்துவிட்டது என்பேன். குவெஸ்ட் வரிசை 2023 தொடக்கத்திலேயே கிட்டத்தட்ட 2 கோடி விற்றுவிட்டது. விர்ச்சுவல் பாய் கனவிலும் காணாத எண்ணிக்கை. 2021இல் ஃபேஸ்புக் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டு சொன்னது வேறு: எல்லோரும் வேலை, கூட்டம், கச்சேரி எல்லாவற்றையும் இதற்குள் நடத்துவார்கள் என்றது. இடுப்புக்குக் கீழே கால் இல்லாத பொம்மைகளை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னது. அது நடக்காது. அந்தக் கம்பெனியில் விஆரையும் ஸ்மார்ட் கண்ணாடியையும் கவனிக்கும் பிரிவு 2021 முதல் 2024 வரை நாலு வருடத்தில் 5,700 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியிருக்கிறது. அந்தக் கம்பெனியே இப்போது எங்கள் தொழில் பக்கம் ஒதுங்கிவிட்டது. ரேபான் பிரேமில் கேமராவும் ஸ்பீக்கரும் வைத்து விற்கிற கண்ணாடி ஐம்பது கிராம்தான். 2025இல் வந்த, வலது கண்ணில் சின்னத் திரை வைத்த மாடலே 69 கிராம், டிகிரிக்கு 42 பிக்சல். அரியரை எழுதப் போயிருக்கிறது இது. ஆனால் இது விஆர் இல்லை, இதில் டேபிள் டென்னிஸ் ஆட முடியாது.

யார் வாங்கலாம்? உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சந்தா கட்டிவிட்டுப் போகாதவர்கள், தூர தேசத்தில் விளையாட ஒரு கூட்டாளி இருப்பவர்கள், சோபாவைத் தள்ள இடம் இருப்பவர்கள் வாங்கலாம். பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு வேண்டாம், கம்பெனியே வேண்டாம் என்கிறது. 3எஸ் போதுமா என்றால், பீட் சேபர் மட்டும்தான் என்றால் போதும், உள்ளே ஓடும் சிப் இரண்டிலும் ஒன்றுதான். எழுத்து படிப்பீர்கள், படம் பார்ப்பீர்கள், கண்ணாடி போடுகிறவர் என்றால் இன்னும் கொஞ்சம் காசு கூடப் போட்டு 3ஐ வாங்குங்கள், அந்தப் பணத்துக்கு முக்கியமாகக் கிடைப்பது நல்ல லென்ஸும் திரையும்தான். செகண்ட் ஹேண்டில் எடுத்தால் லென்ஸை விளக்குக்கு நேரே சாய்த்துக் கீறல் பாருங்கள், திரையில் வெள்ளைப் படம் போட்டுப் பொசுங்கிய புள்ளி இருக்கிறதா பாருங்கள். ஜன்னலோரம் வைத்திருந்தால் வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து திரையைச் சுட்டிருக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் கண்மணி இடைவெளி எவ்வளவு என்று பக்கத்துக் கண்ணாடிக் கடையில் அளந்துகொள்ளுங்கள். அரை நிமிட வேலை. அதற்குக் காசு கேட்டால் வேறு கடைக்குப் போங்கள்.